வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெரியதாழைக்கு

குற்றாலம் பற்றிய பதிவில், பயணத்துக்கு முந்தைய நாளே சாப்பாட்டை நிறுத்திவிடுவேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அருவியைப் பற்றிக் கேட்டவர்களைவிட அந்த ஒரு வரியைப் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். "எனக்கும் இப்படித்தான், நீங்கள் எப்படி ஊர் சுற்றுகிறீர்கள்?" என்று. அவர்களுக்காக இந்தப் பழைய பயணத்தை எழுதுகிறேன். ஊர் பார்க்கப் போன பயணம் இல்லை இது.

எழுபதுகளின் பிற்பகுதி. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். முப்பது வயது தாண்டியிருந்தது. ஆறு வருடமாக வயிற்று நோய். சாப்பிட்டுக் கைகழுவும் முன்பே வயிறு முறுக்கும், ஓட வேண்டும். சில வாரம் அதற்கு நேர்மாறாக ஒன்றுமே போகாமல் வயிறு கல்லாக இருக்கும். ஆபீஸ் கக்கூஸுக்கு மேனேஜர் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு நாளில் ஏழெட்டுத் தடவை தாண்டினால் என்ன ஆகும்? "வீட்டிலேயே இருந்து உடம்பைப் பாத்துக்கிடலாமே" என்று அவர் மரியாதையாகவே சொன்னார். பாளையங்கோட்டை வரை போய் எடுத்த எக்ஸ்ரே, ரத்தம், மலம் எல்லாவற்றிலும் ஒன்றும் இல்லை. டாக்டர் என்னிடம் பேசாமல் என் கணவரிடம், "மனசுதான் காரணம்" என்றார். அன்றிலிருந்து என் மாமியாருக்கு அது நடிப்பாகிவிட்டது.

ஸ்டெல்லாவைப் பற்றிச் சொன்னது ஆபீஸில் உடன் வேலை பார்த்த ஒரு பெண். ஸ்டெல்லா பெரியதாழைக்காரர். நர்ஸாக இங்கிலாந்து போனவர், அங்கே ஆஸ்டியோபதி படித்தாராம். மருந்து கிடையாது, எலும்பையும் தசையையும் கையாலேயே தொட்டு, அழுத்தி, இளக்கிவிடும் வைத்தியம். படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்திருந்தார். வருகிறவர்களுக்கு வீட்டிலேயே வைத்தியம் பார்த்தார்.

ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் கிளம்பினோம். துணைக்கு என் கணவரின் அக்கா, பேச்சியம்மாள் மதினி. உண்மையில் துணைக்கு இல்லை. நான் நடிக்கிறேனா என்று பார்த்துவரச் சொல்லி மாமியார் அனுப்பியிருந்தார். திருச்செந்தூர் நாற்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். அங்கே வேறு பஸ். இன்னும் முப்பது கிலோமீட்டர். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. அப்படியும் குலசேகரன்பட்டினம் தாண்டியதும் வந்துவிட்டது.

எழுந்துபோய் கண்டக்டரிடம் பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன்.

"இங்கன ஸ்டாப் கெடையாதேக்கா. என்ன விசயம்?"

வியர்த்துக் கொட்டியது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே விசில் ஊதினார். இரண்டு பக்கமும் பனையும் முள் அடர்ந்த உடங்காடும், செக்கச்செவேல் என்று மணல். மறைவுக்கு ஒரு சுவர்கூட இல்லை. ஒரு பஸ் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க முள்ளுக்குள் ஓடினேன். பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். மதினி. என் பக்கம் திரும்பாமல், முந்தானையை இரு கையாலும் விரித்துப் பிடித்து, பஸ்ஸைப் பார்த்து நின்றாள்.

"ஏலே, என்னலே பாக்கியோ? அந்தப் பக்கம் திரும்புங்கலே!" என்று கத்தினாள்.

திரும்பி ஏறினோம். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நெசமாத்தான் நோவு இருக்கு பிள்ள ஒனக்கு" என்றாள். ஆறு வருடத்தில் என்னை நம்பிய முதல் ஆள். எனக்கு ஆறுதலாக இல்லை. நம்பவைக்க இவ்வளவு வேண்டியிருந்ததே என்றுதான் இருந்தது.

ஸ்டெல்லாவின் வீடு கோயிலுக்குப் பின்னால், கடலைப் பார்த்து. உயரமான, சத்தமில்லாத மனுஷி. "மொதல்ல கக்கூஸ் எங்கன இருக்குன்னு காட்டிருதேன். அப்பதான் நீங்க நிம்மதியாப் படுப்பீங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே அழுதுவிட்டேன்.

பெஞ்சில் படுக்கவைத்து, கடைசி விலா எலும்புக்கு அடியில் விரலை வைத்து, நான் மூச்சு விடும்போதெல்லாம் மெல்ல உள்ளே போனார். பிறகு வயிற்றின் வலப்பக்கம், இடப்பக்கம். குப்புறப் படுக்கவைத்து இடுப்புப் பூட்டில் வெகுநேரம் கை வைத்திருந்தார். வலிக்கவில்லை.

"சொகமாயிருமா?" என்று கேட்டேன்.

"சத்தியம் பண்ண மாட்டேன். செல பேருக்குக் கேக்குது. செல பேருக்குக் கேக்கல."

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனோம். அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் போல நான் வேறு ஒருத்தியாக இருந்தேன். மீன்குழம்பு சாப்பிட்டேன். மதினி மகள் சடங்கில் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் வரை எழாமல் சாப்பிட்டேன். கணவரோடு மாட்டினி பார்த்தேன், நடுவரிசையில் உட்கார்ந்து. மாமியார்கூட, "மொகம் தெளிஞ்சிருக்கே" என்றார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, கப்பல் சரக்குப் பட்டியலை அடித்துக்கொண்டிருக்கையில் அந்த முறுக்கு. தெரிந்துவிட்டது. மேனேஜர் மேஜையைத் தாண்டி ஓடினேன்.

மூன்றாவது தடவை தனியாகப் போனேன். ஸ்டெல்லா ஒரு மணி நேரம் பார்த்தார். கடைசியில் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "வடிவு, என் கையால முடிஞ்சது இம்புட்டுதான். இன்னும் வரச்சொல்லி ஒங்கள அலைய வைக்க எனக்கு மனசு வரல."

"அப்ப நான் இப்படியேதான் இருக்கணுமா?"

பக்கத்து அறையில் அவர் அப்பா கூப்பிடும் சத்தம் கேட்டது. எழுந்து போனார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன்.

இப்போது இந்த நோய்க்குப் பெயர் இருக்கிறது. டாக்டர்கள் நம்மிடமே பேசுகிறார்கள். ஆஸ்டியோபதிக்காரர்கள் பெரிய ஊர்களில் கிடைக்கிறார்கள். போக நினைப்பவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள். ரத்தம் போனாலோ எடை குறைந்தாலோ கைவைத்தியத்துக்குக் காத்திருக்க வேண்டாம். பஸ் என்றால் முன்படிக்குப் பக்கத்து இருக்கை. ஏறும்போதே கண்டக்டரிடம் சொல்லிவிடுங்கள், வெட்கப்படாமல். மாற்று உடை, தண்ணீர், கூட வர நம்பிக்கையான ஒரு ஆள். குலசேகரன்பட்டினத்துக்கும் பெரியதாழைக்கும் நடுவே இன்றும் எங்கே இறங்கலாம் என்று எனக்குத் தெரியாது. நான் அந்தப் பக்கம் போவதில்லை.

பலன் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது, ஒன்றரை மாதம். அதற்கு முன்னால் வலியில்லாத உடம்பு எப்படி இருக்கும் என்றே மறந்துபோயிருந்தேன். மறந்ததால் தாங்கவும் முடிந்தது. பிறகு மறக்க முடியவில்லை.