குப்புறப் படுத்த மத்தியானம்

மயிலாப்பூரில் இருந்த காலத்தில் எனக்கு வேண்டியதை எல்லாம் என் சுட்டுவிரல்தான் வாங்கித் தந்தது. கடைக்குப் போனால் பொருளைக் காட்டுவேன், எடுத்துத் தருவார்கள். பெயர் சொல்லித்தான் கேட்கவேண்டும் என்றால் வாங்காமலே திரும்பிவிடுவேன். மாட வீதியில் பூ விற்கும் பெண் ஒருத்திக்கு இது பிடிக்காது. நான் கனகாம்பரத்தைக் காட்டினால் வேண்டுமென்றே மல்லிகையைக் கையில் எடுப்பாள். "இன்னா தங்கச்சி, வாயத் தொறந்து கேட்டா முத்து கொட்டிடுமா? நாலு எழுத்து படிச்சா இவ்ளோ கர்வமா கீது பாரு!" என்று பக்கத்துக் கூடைக்காரிக்கும் கேட்கும்படி சொல்வாள். கர்வம் எனக்கு உண்டுதான். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டது அதனால் அல்ல.

ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்கிற எங்களவர்கள் எழுதுவதை வாசித்திருக்கிறேன். தங்கள் மொழி அங்கே ஒருவருக்கும் விளங்குவதில்லை என்று வருந்துகிறார்கள். நான் வந்து சேர்ந்த இடத்தில் என் மொழி எல்லோருக்கும் விளங்கும். என் துன்பமே அதுதான். இரண்டு சொல் பேசினால் "கேரளாவா?" என்பார்கள். இன்னும் இரண்டு சொல் பேசினால் "சிலோனா?" என்பார்கள். அதற்குப் பிறகு வாடகை அறை இருக்காது. நான் வந்த வருடங்களில் சென்னை எங்களைக் கண்டு பயந்துபோயிருந்தது. அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது என்பதையும் நான் மறுக்கவில்லை. முதல் இரண்டு வீடுகளில் உண்மையைச் சொன்னேன், இரண்டிலிருந்தும் பெட்டியோடு வெளியே வந்தேன். மூன்றாவது வீட்டைப் பிடித்துத் தந்த சிந்தாதிரிப்பேட்டைத் தரகர்தான் எனக்கு ஊரை மாற்றினார். "நாகர்கோவில்னு சொல்லும்மா. அவங்க பேச்சும் இப்படித்தான் இழுத்துக்கினு கீது. எவன் அங்க போய் விசாரிச்சுக்கினு வரப்போறான்?" என்றார்.

அந்த வீடு லஸ் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்தது. வங்கி வேலையில் ஓய்வு பெற்ற மாமா, மாமி, அவர்களுடைய ஒரே மகள் வித்யா. அவளும் என்னைப்போலக் கல்லூரியில் இறுதி ஆண்டு. பின்கட்டு அறை எனக்கு. மாமி கேட்ட முதல் கேள்வி எந்த ஊர் என்பது. இரண்டாவது, மீன் சாப்பிடுவாயா என்பது. இரண்டுக்கும் ஒரே மூச்சில் பொய் சொன்னேன். நான் மன்னார்க் கரையில் கடலுக்குப் போகிறவரின் மகள். எங்கள் குடும்பத்தில் தன் பெயரை எழுதத் தெரிந்த முதல் ஆள் நான்தான். படகில் வந்து இறங்கி மண்டபம் அகதி முகாமில் பதிந்தபோது, அதிகாரி கைநாட்டு வைக்க எங்கள் எல்லோருக்கும் பொதுவாக மைப்பெட்டியை நீட்டினார். நான் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்திட்டேன். அப்பா அதை முகாம் முழுவதும் சொல்லித் திரிந்தார். இப்போது கணிதத்தில் பட்டப் பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தன. நகரத்தில் ஒரு முகவரி இருக்கும் வரைதான் நான் முகாமுக்கு வெளியே தங்கலாம். மாமா வீட்டுக்கு விசாரிக்க வந்துவிடக் கூடாது என்று, பொலிஸ் நிலையத்தில் பழைய வீட்டு முகவரியையே விட்டுவைத்திருந்தேன். மாமா வீட்டில் என் உண்மையான ஊர் தெரிந்தால் அறை போகும். அறை போனால் பரீட்சையும் போகும்.

இந்த நிலையில் இருந்த ஒருத்தி எதற்காகப் பாட்டு விழாவுக்குப் போனாள் என்று கேட்பீர்கள். வித்யாவுக்காகத்தான் போனேன். அடையாற்றங்கரைத் திடல் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் 'பங்க்' இசை. பெங்களூரிலிருந்தும் ஷில்லாங்கிலிருந்தும் குழுக்கள் வருகின்றன, மத்தியானம் இங்கிலாந்திலிருந்து ஒரு குழு. ஐந்து வயதிலிருந்து கீர்த்தனை பயின்ற வித்யாவுக்கு இதில் பித்து.

"அதுல ஸ்ருதி சேர்ந்துதுன்னா தப்பு. தெரியுமோ?" என்றாள்.

"பிறகு எதைப் பாடுவார்கள்?"

"எதிர்காலமே கிடையாதுன்னு கத்துவா. அவ்வளவுதான். நீ வந்தாத்தான் அப்பா என்னை விடுவார் மலர். எங்காத்துல என்னைவிட உன்னைத்தான் நம்பறா."

அது உண்மை. மாமா என்னைக் கூப்பிட்டு, "நீ கூட இருக்கேங்கற தைரியத்துல அனுப்பறேன். கைய விட்டுடாதே அவளை," என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

பங்குனி வெயில். காலையிலேயே திடலில் தரை கொதித்தது. சவுக்குக் கட்டைகளால் தடுப்புப் போட்டு, ஆட்டு மந்தையை விடுவதுபோல உள்ளே விட்டார்கள். பந்தல் மேடைக்கு மட்டும்தான். எங்களுக்கு வானம். பாண்டி பஜாரில் வாங்கிய ஊசிகளைக் குத்தி, புதுச் சட்டைகளைத் தாங்களே கிழித்துப் போட்டுக்கொண்டு பெடியன்கள் வந்திருந்தார்கள். சிலர் சவர்க்காரம் பூசித் தலைமயிரைச் சேவல் கொண்டைபோல நிறுத்தியிருந்தார்கள். பதினொரு மணிக்குள் வியர்வையில் அது கரைந்து கண்ணுக்குள் வழிய, கண்ணைக் கசக்கியபடியே ஆடினார்கள். "மச்சி, தண்ணி ஊத்துடா, கண்ணு அவிஞ்சி போச்சு!" என்று ஒருவன் அலற, அவன் கூட்டாளி கோலி சோடாவை உடைத்து முகத்தில் பீச்சினான். நாங்கள் சட்டை கிழிந்துவிடக் கூடாது என்று பொத்திப் பொத்தி உடுத்தவர்கள். இவர்கள் கிழிப்பதற்காகவே வாங்குகிறார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. நல்ல வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பது போல இருந்தது.

மத்தியானத்துக்குள் நெருக்கம் கூடிவிட்டது. எந்த வியர்வை யாருடையது என்று தெரியாது. மேடைக்கு முன்னால் ஒருவரை ஒருவர் மார்பால் இடித்துக் குதித்தார்கள். யாராவது விழுந்தால் சுற்றியிருப்பவர்கள் உடனே தூக்கி நிறுத்திவிடுவார்கள். அதுதான் இங்கே ஒரே சட்டம் என்றாள் வித்யா. பிறகு அவள் கத்தத் தொடங்கினாள். "நீயும் கத்தேன்டீ!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நானும் கத்தினேன். முதலில் மெதுவாக, பிறகு நரம்பு புடைக்க. சொல் இல்லாத கத்தலுக்கு ஊர் கிடையாது. மயிலாப்பூர்க்காரி கத்தினாலும் மன்னார்க்காரி கத்தினாலும் ஒன்றுதான். இரண்டு வருடத்தில் என் தொண்டை முழுதாகத் திறந்தது அப்போதுதான். உண்மையைச் சொன்னால், ஏறக்குறைய ஒரு மணி நேரம் நான் அந்த நகரத்தில் குடியிருந்தேன்.

இங்கிலாந்துக் குழு மேடையேறியபோது, அவர்கள் முதல் பாட்டைத் தொடங்குவதற்கு அடையாளமாக மேடையின் இரு புறமும் வைத்திருந்த வெடிகளைக் கொளுத்தினார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நிலம் அதிர்ந்தது. வெள்ளைப் புகை எழுந்தது.

எங்கள் பள்ளிக்கூட முற்றத்தில், அல்ஜீப்ரா சொல்லித் தந்த அதே ஆசிரியர்தான் இதையும் சொல்லித் தந்தார். குண்டுச் சத்தம் கேட்டால் ஓடாதே, குப்புறப் படு. முழங்கையை ஊன்று, நெஞ்சு மண்ணில் படக்கூடாது, பட்டால் அதிர்வு நெஞ்சுக்குள் இறங்கும். காதைப் பொத்து. வாயைத் திறந்து வை. பக்கத்தில் சின்னவர்கள் இருந்தால் இழுத்து விழுத்து. வகுப்பு வகுப்பாகப் படுத்து எழும்பிப் பழகினோம். நான் இதிலும் முதலாவதாக வந்தவள்தான்.

வெடித்ததும் நான் யோசிக்கவில்லை. வித்யாவின் கையைப் பிடித்து இழுத்து அவளையும் விழுத்திக்கொண்டு தரையில் கிடந்தேன். "குப்புறப் படு! வாயைத் திற! எழும்பாதை, எழும்பாதை!" என்று கத்தினேன். குதித்துக்கொண்டிருந்தவர்கள் எங்கள் மீது தடுக்கி விழுந்தார்கள். யாரோ ஒருவரின் முழங்கால் வித்யாவின் கைமீது இறங்கியது. அவள் அலறியதை எறிகணைக்கான அலறல் என்றே நினைத்து இன்னும் அழுத்திப் பிடித்தேன். அவர்களுடைய சட்டப்படி எங்களைத் தூக்கி நிறுத்தினார்கள். நின்ற பிறகும் என் வாய் "எழும்பாதை" என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

கண்ணில் சவர்க்காரம் போன பெடியன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "டேய் மச்சி, அக்கா செம ஸ்டெப்பு போட்டாங்கடா! புதுசா கீது!" அடுத்த தாளத்தில் அவன் காதைப் பொத்திக்கொண்டு குப்புற விழுந்தான். அவன் நண்பர்கள் விழுந்தார்கள். பிறகு ஒரு வரிசையே விழுந்தது. விழுந்து எழும்பி, விழுந்து எழும்பி, நான் சொன்ன சொற்களையும் என்னைப்போலவே இழுத்துச் சொல்லி ஆடினார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதனால்தான் என்னால் அவர்களை வெறுக்க முடியவில்லை.

வித்யாவின் மணிக்கட்டு வீங்கிக்கொண்டு வந்தது. தடுப்புக்கு வெளியே முதலுதவிக் கூடாரத்தில் அட்டை வைத்துக் கட்டினார்கள். அங்கே காவலுக்கு நின்ற தலைமைக் காவலர் வயதானவர், நெற்றியில் விபூதி. அடிபட்டவர்களின் பெயரையும் ஊரையும் குறித்துக்கொண்டிருந்தார். வித்யா தன் விவரத்தைச் சொன்னாள். "கூட வந்த பொண்ணு?" என்றார் அவர். எப்படி விழுந்தோம் என்று நான் முதலில் விளக்கியதை அவர் கேட்டிருந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வித்யா, "நாகர்கோவில் சார்," என்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது என்பது எனக்கு அப்போது தெரிந்தது.

அவர் பேனாவை நிறுத்தினார். "நான் தூத்துக்குடிக்காரன்மா. நாகர்கோவில்ல பொண்ணு எடுத்திருக்கேன். அங்க யாரும் 'விழுத்தி'ன்னு சொல்ல மாட்டாங்களே." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சரி, போகட்டும். நாகர்கோவில்னே எழுதிக்கிடுதேன். நீயும் அப்படித்தான சொல்லுத?"

நான் ஒரு முறை தலையை ஆட்டியிருந்தால் போதும். இரண்டு வருடமாக அதைத்தானே செய்தேன். வெளியே பெடியன்கள் இன்னும் விழுந்து எழும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஆடியது என் பள்ளிக்கூட முற்றம். அதற்கு ஓர் ஊர் இருக்கிறது. இந்த நாகர்கோவில்காரி அங்கே ஒரு நாளும் படுத்ததில்லை.

"மன்னார்," என்றேன்.

வித்யா கண்ணை மூடிக்கொண்டாள். காவலர் பெருமூச்சு விட்டார். "ஏம்மா, நான்தான் எழுதிக்கிடுதேன்னேனே," என்றார். பிறகு எந்த நிலையத்தில் பதிந்திருக்கிறேன், இப்போது எங்கே இருக்கிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் உண்மையைச் சொன்னேன்.

மறுநாள் காலையில் வீட்டுக்கு ஒரு பொலிஸ்காரர் வந்து, வாசலிலேயே நின்று மாமாவிடம் பேசிவிட்டுப் போனார். மாமா கோபப்படவில்லை. கூடத்தில் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அதுவரை அப்படிச் சொன்னதில்லை.

"உன்மேல எனக்கு ஒரு குறையும் இல்லம்மா. ஆனா நாளைக்கு எங்கேயாவது ஏதாவதுன்னா, ஜீப் எங்காத்து வாசல்லன்னா வந்து நிக்கும்?"

"பரீட்சை முடியற வரைக்குமாவது இருக்கட்டுமேன்னா," என்றாள் மாமி உள்ளேயிருந்து.

"இவ இங்க இருக்கான்னு ஸ்டேஷன்ல கையெழுத்து நான்னா போடணும்? நீயா போடப் போறே?"

மாமி வெளியே வந்தாள். "அப்போ மீனும் சாப்பிடுவியோ?" என்று கேட்டாள். ஓம் என்று தலையாட்டினேன். எல்லாவற்றையும் பொறுத்தவளுக்கு அதைத்தான் பொறுக்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

கோடம்பாக்கத்தில் எங்கள் ஊர்க் குடும்பங்கள் இருந்த வீடுகளில் கேட்டுப் பார்த்தேன். படுக்கவே இடம் இல்லாதவர்கள் எப்படி என்னைச் சேர்ப்பார்கள்? புது முகவரி கிடைக்கும் வரை முகாமுக்குத் திரும்பு என்று நிலையத்தில் சொன்னார்கள். கிடைக்காது என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வருடம் பரீட்சை எழுதவில்லை. அதன் பிறகும் எழுதவில்லை. இதை முகாமிலிருந்துதான் எழுதுகிறேன். மற்றவர்களின் மனுக்களை எழுதிக் கொடுப்பதுதான் இப்போது என் படிப்பு. மன்னார் என்று சொன்னதற்காக வருந்துகிறேனா என்று கேட்காதீர்கள். சொல்லி என்ன கிடைத்தது என்றும் கேட்காதீர்கள்.

நான் புறப்பட்ட அன்று வித்யா மாவுக்கட்டுப் போட்ட கையோடு வாசல் வரை வந்தாள். மாடி ஜன்னலில் மாமி நின்றாள். எழும்பூருக்குப் போக ஆட்டோ நின்றது. வித்யா அழவில்லை. "ரெண்டு வருஷம் கூடவே இருந்திருக்கே. உன் பேச்சை நான் கேட்டதே இல்ல. ஒரே ஒரு தரம் உங்க ஊர்ல சொல்ற மாதிரி ஏதாவது சொல்லிட்டுப் போயேன்," என்றாள்.

பள்ளிக்கூடம் போகும்போது அம்மாவிடம் தினமும் சொல்வதைச் சொல்ல நினைத்தேன். வாயைத் திறந்தேன். தெருவில் ஆட்கள் போனார்கள்.

"வரேன் வித்யா," என்றேன்.

அவள் அங்கேயே நின்றாள். இனிமேல்தான் சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தாள். ஆட்டோ கிளம்பிவிட்டது.

ராயப்பேட்டையைத் தாண்டிய பிறகு, இஞ்சின் இரைச்சலுக்குள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "போட்டு வாறன்." யாரோ வேறு ஒருத்தி, எங்களைப்போலப் பேசிக் காட்டுவதுபோல இருந்தது. மீண்டும் ஒரு முறை சொன்னேன்.

"இன்னாம்மா, எதுனா சொன்னியா?" என்று ஓட்டுநர் திரும்பினார்.

"ஒண்ணுமில்லண்ணா," என்றேன், பிசிறில்லாத சென்னைத் தமிழில். "நேராப் போங்க."