ராஜமதி டீச்சர் காட்டிய கேட்டை

செங்கம் ரோட்டில் தள்ளுவண்டிக்காரரிடம் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது என் மகள் தேன்மொழி போன் செய்தாள். "அம்மா, ராஜமதி டீச்சர் தவறிட்டாங்களாம்" என்றாள். கையிலிருந்த காயைப் போட்டுவிட்டு அப்படியே நின்றேன். "என்னம்மா ஆச்சு?" என்று வண்டிக்காரர் கேட்டார். சொன்னேன். "பௌர்ணமிக்குக் குழாய் வெச்சு நட்சத்திரம் காட்டுவாங்களே, அந்தம்மாவா? அடப்பாவமே!" என்றார். ஊருக்கு அவரை அப்படித்தான் தெரியும். பணிக்காலம் முழுவதும் அவரோடு ஒரே ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்த எனக்கு இன்னும் சில தெரியும். அவரையும் என்னையும் அறிந்த உங்களிடம் சொன்னால் மனம் கொஞ்சம் ஆறும்.

அவர் இயற்பியல், நான் தமிழ். அவர் கீழ்பென்னாத்தூர் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்தவர். பொழுது சாய்ந்துவிட்டால் ஒரு பருக்கை வாயில் வைக்கமாட்டார். "நாங்க வெளிச்சத்துலயே சாப்ட்டு முடிச்சுடறோம். அப்புறம் அடுப்படியில என்னங்க வேலை? மாடிக்குப் போவ வேண்டியதுதான்" என்பார். நாங்கள் தோசைக்கல்லோடு மல்லுக்கட்டும் நேரத்தில் அவர் மொட்டைமாடியில் தொலைநோக்கியோடு இருப்பார். எனக்குப் பொறாமையாக இருக்கும். அதை அவரிடமே சொன்னபோது, "எங்க பக்கம் வந்துடுங்களேன்" என்று சிரித்தார்.

ஒரு கார்த்திகை தீபத்தின்போது காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நான் பேசினேன். பெரிய நட்சத்திரம் மலைமேல் ஏற்றும் தீபம் போல நெடுநாள் எரியும், சின்னது அகல்விளக்கு போலச் சீக்கிரம் அணையும் என்று அடித்துவிட்டேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆசிரியர் அறைக்கு வந்ததும் ராஜமதி டீச்சர், "ரொம்ப அழகாப் பேசினீங்க. ஆனா அப்படியே தலைகீழ்" என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது.

"மலைமேல நெய் ஊத்த ஆள் இருக்காங்க. நட்சத்திரத்துக்கு யாரு ஊத்துவா? பொறக்கும்போது இருந்ததை வெச்சுத்தான் எரியணும். எடை ஜாஸ்தி இருக்கறது இருக்கே, அது ஊதாரி. பிரமாதமா வெளிச்சம் காட்டிட்டு சீக்கிரமே தீர்ந்துடும். எடை கம்மியானது மினுக்கு மினுக்குனு சிக்கனமா எரிஞ்சு, மத்ததெல்லாம் போனப்புறமும் இருக்கும்."

"அப்போ நம்ம சூரியன்?" என்று வீம்புக்குக் கேட்டேன்.

"நடுத்தரக் குடும்பம். கடைசி காலத்துல வீங்கிச் சிவந்து, மேல் சட்டையை உதறிட்டு, சின்னதா ஒரு வெள்ளை நெருப்புக் கங்கு மாதிரி ஆறிடும். அதுக்கு ரொம்ப காலம் கெடக்கு. நீங்க பேப்பரைத் திருத்துங்க."

பௌர்ணமிதோறும் அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் தொலைநோக்கியை நிறுத்துவார். "நிலா வெளிச்சத்துல நட்சத்திரம் காட்டற ஆளை இப்பத்தான் பாக்கறேன். அமாவாசைக்கு வைக்கக் கூடாதா?" என்று சீண்டினேன். "அமாவாசைக்கு நட்சத்திரம் வரும், ஜனங்க வர மாட்டாங்களே!" என்றார்.

ஜனங்கள் வந்தார்கள். அதை அவர்கள் இன்னொரு சன்னிதியாகத்தான் நினைத்தார்கள். அர்ச்சனைக்குச் சொல்வதுபோலவே "பேரு மீனா, ரோகிணி நட்சத்திரம்" என்று சொல்லிவிட்டு, தம் நட்சத்திரத்தைக் காட்டச் சொல்வார்கள். பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஒருமுறை யாரோ குழாய்க்குக் குங்குமம் வைத்துவிட்டுப் போனார்கள். டீச்சர் அதைத் துடைக்கவில்லை. "கண்ணாடியில வைக்காம வுட்டாங்களே, அதுவே போதும்" என்றார்.

இனி என் வீட்டுக் கதை. தேன்மொழிக்குக் கேட்டை நட்சத்திரம். கேட்டையில் பிறந்தவள் புருஷனின் அண்ணனுக்கு ஆகாது என்று ஒரு பேச்சு உண்டே, அதனால் வந்த வரன்கள் எல்லாம் வாசலோடு திரும்பின. அவளும் படித்தவள், வேலைக்குப் போகிறவள், சிரித்துச் சமாளித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பை வைத்துவிட்டு, "இனிமே யாரையும் வரச் சொல்லாதம்மா. எனக்கே என்னைப் பாத்தா பயமா இருக்குது" என்றாள்.

அதன்பிறகு கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனுக்கும் இவளுக்கும் பிடித்துவிட்டது. ஆனால் பையனுக்கு ஓர் அண்ணன். தகப்பன் இல்லாத அந்த வீட்டை வேன் ஓட்டிக் காப்பாற்றியவர் அவர்தான். அவர்களின் அம்மா நட்சத்திரத்தைக் கேட்டதுமே தயங்கினார். ராஜமதி டீச்சரிடம் புலம்பினேன். "ஆனி பௌர்ணமிக்குக் கிரிவலம் வருவாங்கதானே? எங்கிட்ட கூட்டிட்டு வாங்க" என்றார்.

வந்தார்கள். தேன்மொழியும் என்னோடு வந்திருந்தாள். நிலவு ஏறியிருந்தது. அதன் பக்கத்தில், மலைக்கு மேலே, சிவப்பாக ஒரு புள்ளி. டீச்சர் குழாயை அதன் பக்கம் திருப்பினார். பையனின் அம்மா கண்ணை வைத்துப் பார்த்தார்.

"இதுவா கேட்டை? ரத்தமா இருக்குதே!"

"ரத்தம் இல்லீங்க, சூடு கம்மியான நிறம். பட்டறையில இரும்பு முதல்ல செவக்கும், சூடு ஏற ஏறத்தானே வெளுக்கும்?"

"எவ்ளோ பெருசு இருக்கும்?"

"சூரியன் இருக்கற இடத்துல இதை வெச்சா, நம்ம பூமி இது வயித்துக்குள்ள போயிடும்."

ஐயோ, காரியத்தைக் கெடுத்தாரே என்று எனக்குப் பகீரென்றது. அந்த அம்மா குழாயிலிருந்து கண்ணை எடுத்தார். "அவ்ளோ பெருசு எம் பெரிய பையனை ஒண்ணும் பண்ணாதுங்களா? ராப்பகலா வண்டி ஓட்டறான்ங்க அவன்."

எனக்கு வாய் நீளம் என்பது உங்களுக்குத் தெரியும். என் பெண் என்ன பேயா என்று கேட்க நாக்கு துடித்தது. டீச்சர் என் கையை அழுத்திப் பிடித்தார். அவர் சிரிக்கவில்லை. அந்த அம்மாவுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"ஒத்தத் தூணா நிக்கற புள்ள, பயம் வரத்தான் செய்யும். ஆனா பாருங்க, இது கனமாப் பொறந்து அவசரமா எரிஞ்சுடுச்சு. உள்ள சரக்கு தீரப்போவுது. அதான் இப்படி வீங்கிச் செவந்து நிக்குது. என்னிக்கோ ஒருநாள் வெடிக்கும். அப்பவும் நமக்கு வெளிச்சம்தான் தெரியும், அவ்ளோ தூரம். அதுக்கு அதோட பாடே பெரும்பாடு. உங்க பையன்மேல கண்ணு வைக்க அதுக்கு ஏதுங்க நேரம்?"

பெரிய பையனும் குனிந்து பார்த்தார். "எதிர்ல வர்ற லாரியைத்தாம்மா நான் பாத்துக்கணும். இதுக்கெல்லாம் என் வண்டி நம்பர் தெரியாது" என்றார். வரிசையில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள்.

அன்றே சம்மதம் கிடைத்துவிடவில்லை. அந்த அம்மா அடுத்த பௌர்ணமிக்கும் வந்தார். மறுபடி பார்த்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு, "பாவம், அதுவும் ஒரு கெழம்" என்றார். அந்த வாரமே பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

"உங்களுக்கு எப்படிங்க கோவம் வரல?" என்று பின்னொரு நாள் டீச்சரிடம் கேட்டேன். "பயந்தவங்ககிட்ட கோவப்பட்டா பயம் போவாதுங்க. வாயை மட்டும் மூடிக்கும்" என்றார்.

அஞ்சலிக் கூட்டத்தில் ஒருவர், நட்சத்திரம் செத்த பிறகும் அதன் ஒளி வந்துகொண்டிருக்கும், டீச்சரும் அப்படித்தான் என்று உருகினார். டீச்சர் இருந்திருந்தால், கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திரமெல்லாம் அநேகமாக உயிரோடுதான் இருக்கின்றன என்று திருத்தியிருப்பார். என் சம்பந்தியம்மா பெரிய மகனின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டே இருந்தார்.

பயந்தவரிடம் கோபப்படாதே என்ற அந்தப் பேச்சு ஒன்றைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். என் வாய்க்கு அது கடினம்தான், முயன்று பார்க்கிறேன். மகளுக்குக் கிடைத்தது வேறு. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் அதை என்னிடம் சொன்னாள்.

"ஆனி பௌர்ணமி அன்னிக்கு நீங்கள்லாம் டீ குடிக்கப் போனீங்க இல்ல, அப்ப டீச்சர் என்னையும் பாக்கச் சொன்னாங்கம்மா. அதுவரைக்கும் நான் அதை நிமிந்துகூடப் பாத்ததில்ல. 'எப்படிம்மா இருக்குது?'ன்னு கேட்டாங்க. 'அழகா இருக்குது டீச்சர்'னேன். 'உன்னுதுதாம்மா, நல்லாப் பாத்துக்கோ'ன்னாங்க."