சித்தப்பா பெயரில் ஒரு தலைக்கட்டு

கோயில் கொடைத் திருவிழாவுக்கு எங்கள் ஊர்ச் சங்கத்திலிருந்து வரி பிரிக்க வந்த இருவரும் எங்கள் கதவைத் தட்டினார்கள். சித்தி வீட்டைத் தாண்டிப்போய் அடுத்த கதவைத் தட்டினார்கள். அறுபதுகளின் நடுவில், தாராவியில், தோல் கிடங்கில் வேலை பார்த்த சித்தப்பா இறந்த மறு வருடம் அது. சித்திக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் ஊர்க்காரர்களிடையே கல்யாணமான ஆண்தான் ஒரு தலைக்கட்டு. அவனுக்குத்தான் வரி. தனியாக நிற்கும் பெண் கணக்கில் வரமாட்டாள்.

சித்தி ஈரக்கையோடு வெளியே வந்தாள்.

“ஏன், இந்த வீட்டுல மனுசி இல்லியா?”

“உங்களுக்கு வரி கெடையாது மதினி. மிச்சம்னு சந்தோசப்படுங்க,” என்று ஒருவர் சிரித்தார்.

“சந்தோசம் கெடக்கட்டும். வரி இல்லாத வீட்டுல நாளைக்கு நான் செத்தா, தூக்க வருவியளா?”

சிரித்தவர் தலையைச் சொறிந்தார். “சரி, அண்ணன் பேருலயே எழுதிக்கிடுதோம்.”

அதன்பிறகு ஒவ்வொரு கொடைக்கும் பிரசாதம் கொண்டுவருகிறவர் வாசலில் நின்று சித்தப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். “இந்தா வாரேன்” என்று சித்தி குரல் கொடுப்பாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே தகரம்தான் சுவர். மற்ற நாட்களில் அந்தப் பக்கமிருந்து ஸ்டவ் இரைச்சல் மட்டுமே கேட்கும். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாலும் சித்தி ஏதாவது சொல்லி வராமலிருந்துவிடுவாள். அறுபதுகள் முடியுமுன்பே அவளும் போய்விட்டாள். சங்கத்து ஆட்கள் வந்தார்கள், தூக்கினார்கள். அந்த விஷயத்தில் அவள் ஏமாறவில்லை.

இப்போது சங்கத்தில் குடும்பங்களின் வம்சாவளியைப் புத்தகமாகப் போடுகிறார்கள். விவரம் கொடுக்க நானும் போனேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் பேச எனக்கு எப்போதும் கூச்சம். பழைய வரி நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த பையன், “உங்க சித்தப்பாவுக்கு வரி நின்ன வருசத்தையே காலமான வருசம்னு போட்டுரவா அக்கா?” என்று கேட்டான். எட்டிப் பார்த்தேன். கொடைக்குக் கொடை சித்தப்பா உயிரோடு வரி கட்டியிருக்கிறார். சித்தி எந்தப் பக்கத்திலும் இல்லை.

“அவர் அதுக்கு முன்னாடியே போயிட்டார் தம்பி. கட்டினது எங்க சித்தி.”

“அச்சா! அவங்க பேரு?”

பெரியவர்களைப் பெயர் சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை. பேனாவோடு அவன் காத்திருந்தான். சொன்னேன். அவனுக்குக் கேட்கவில்லை. சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன்.