மந்திரிக்காகக் காத்திருந்த பாலம்

அந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு ஊர் வைத்த பெயர் 'சைரன்'. ரகசியம் சொன்னாலும் தெருக்கோடி வரை கேட்கும் தொண்டை அவனுக்கு.

அந்த நாட்டில் பணத்துக்குப் பஞ்சமில்லை. தோண்டினால் எண்ணெய், குடைந்தால் செம்பு. ஆற்றின் மேல் அகலமான புதுப் பாலம் கட்டி, சோதனையும் முடித்துவிட்டார்கள். ஆனால் திறந்துவைக்க மந்திரிக்கு நேரம் ஒழியவில்லை. சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதைதான். பாலம் தடுப்புக்கட்டைக்குப் பின்னால் சும்மா கிடந்தது. நோயாளிகளோடு பழைய பாலத்து நெரிசலில் ஊர்ந்துபோவது சைரனுக்குப் பழகிவிட்டது. பழகியதுதான் கொடுமை.

ஒரு மழைநாளில் வண்டிக்குள் அவன் தங்கையே கிடந்தாள். பிரசவ வலி, ரத்தம் நிற்கவில்லை. பழைய பாலத்தில் லாரி கவிழ்ந்து வழி அடைத்திருந்தது. வண்டியைப் புதுப் பாலத்துக்குத் திருப்பினான். அங்கே தகரக் கொட்டகையில், பாலத்துக்குப் பொறுப்பான இன்ஜினியர் அம்மா இருந்தார்.

"உள்ள என் தங்கச்சிம்மா. தாங்கமாட்டா." சைரனின் குரல் அன்றுதான் முதன்முதலாகத் தாழ்ந்து வந்தது.

"மேலிடத்து உத்தரவு இல்லாம திறந்தா என்னைச் சும்மா விடமாட்டாங்க" என்றவர், காவலாளியிடம் திரும்பினார். "கட்டையத் தூக்குப்பா. பாலம் தாங்கும்னு சொன்னவ நான்தானே."

தாயும் பிழைத்தாள், பெண் குழந்தையும் பிழைத்தது. இன்ஜினியர் அம்மாவை எல்லைப்புற ஊருக்குத் தூக்கியடித்தார்கள். பாலத்தை மறுபடி மூடினார்கள்.

சைரன் சும்மா இருக்கவில்லை. சந்தையிலும் பஸ் நிலையத்திலும் நடந்ததைச் சொல்லிக்கொண்டே இருந்தான். தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் ஊரே கேட்டது: "கட்டுன பாலத்தைத் திறக்க எதுக்குய்யா மந்திரி?" பதில் சொல்லத் தெரியாதவர்கள் தோற்றார்கள். சோதனையில் தேறிய பாலம், கட்டடம் எதையும் அந்தந்த ஊர் நிர்வாகமே திறக்கலாம், உயிர் காக்க முடிவெடுத்த அதிகாரியைத் தண்டிக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. பாலமும் திறந்தது.

தங்கையையும், நடக்கப் பழகியிருந்த குழந்தையையும் கூட்டிக்கொண்டு அவன் எல்லைப்புற ஊருக்குப் போனான். அந்த அம்மாவைக் கண்டதும், வழியெல்லாம் மனப்பாடம் செய்த நன்றிப் பேச்சு மறந்துபோயிற்று. கைகூப்பி நின்றான்.

"நம்ம ஊருக்கே வந்துடுங்கம்மா" என்றாள் தங்கை.

"இங்கயும் ஒரு ஆஸ்பத்திரிய கட்டிப் பூட்டி வெச்சிருந்தாங்கம்மா. போன வாரம்தான் ஊர்க்காரங்களோட சேர்ந்து திறந்தோம். வாங்க, காட்டுறேன்."

உள்ளே ஒரே கூட்டம். யார் முதலில் வந்தது என்று வரிசையில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சைரனுக்கு அது சங்கீதமாகக் கேட்டது.