விற்கப்பட்ட சாலை

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்கு இது நடந்தது. ஹைதராபாத்தின் மேற்கு ஓரத்தில், இன்றும் நான் குடியிருக்கும் காலனியில்.

எங்கள் தெருக்கோடியில் உயரமான சுவர். மொட்டை மாடியில் நின்றால் சுவருக்கு அப்பால் ஆஸ்பத்திரியின் சிவப்பு விளக்கு தெரியும். ஆனால் காலனிக்கு ஒரே வாசல். சுற்றிப் போனால் ஏழு கிலோமீட்டர். போன வருடம் ஒரு மாலை ஏழு மணிக்கு, அந்தச் சுற்றுப் பாதையில், நான் ஓட்டிய காரின் முன் சீட்டிலேயே, என் மனைவி ஸ்ரவந்தி இறந்துபோனாள்.

இந்த வருடம் அம்மனுக்கான போனாலுத் திருவிழா அன்று, மாலை ஏழு மணி. பக்கத்து வீட்டு யாதகிரி மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். தன்விதாவுக்கு ஐந்து வயது. தொண்டையில் வேர்க்கடலை. உதடு நீலம்.

இருவரையும் பின் சீட்டில் ஏற்றினேன். காலனி வாசலில் ஊர்வலம். மேளம், ஆட்டம். நகர வழியில்லை.

"எலிகூட வளைக்கு ரெண்டு வழி வைக்கும், அண்ணா! கோடி ரூபா காலனிக்கு ஒரே ஓட்டை!" யாதகிரி கத்தினான்.

வண்டியைத் திருப்பினேன். ஏன் எங்கள் தெருவுக்கே திருப்பினேன்... தெரியவில்லை.

தெருக்கோடியில் சுவர் இல்லை.

சாலை இருந்தது.

"இதை எப்போ போட்டாங்க?"

"பாப்பாவைப் பிடிச்சுக்கோ."

விளக்குக் கம்பமே இல்லை. ஆனாலும் குழல்விளக்கு வெளிச்சம். பருப்பு தாளிக்கும் வாசனை. காதருகே டிவி சீரியல் இசை...

டணார்... தட்டு விழும் சத்தம்.

ஒரு பெண் அலறினாள்.

மிக அருகில்.

எதிரே சிவப்பு விளக்கு.

குழந்தை பிழைத்துவிட்டாள்.

மறுநாள் சுவர் அங்கேயே நின்றது, பாசி படிந்து. சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். சுவரை ஒட்டி ஒரு வீடு. முதலில் அங்கே சாலைதான் வர இருந்ததாம். மனையாக்கி விற்றுவிட்டார்கள்.

கதவைத் திறந்த பெண் என்னைப் பார்த்ததும் பின்வாங்கினார்.

"நீங்க... உயிரோடதான் இருக்கீங்களா?"

"நேத்து சாயங்காலம்..."

"நேத்து மட்டுமா? ஒரு வருஷமா தினமும் ஏழு மணிக்கு உங்க கார் எங்க ஹால் நடுவுல போகுது, அண்ணா. பழகிடுச்சு. தட்டைத் தூக்கிட்டு ஒதுங்கிக்குவோம்."

நான் அவர் தோளுக்கு மேலாக ஹாலைப் பார்த்தேன்.

"உங்க பக்கத்துல ஒரு அம்மா சாஞ்சு கிடப்பாங்க. நேத்துதான் வண்டி நின்னுச்சு. ஒரே ஒரு நொடி. அப்புறம் கிளம்பிடுச்சு. முன் சீட் காலி."

அவர் மெல்ல வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார்.

"இங்க இறங்கிட்டாங்க, அண்ணா."