சுருங்கியது ஜீன்ஸ், திருடன் நான்

டெய்லரிடம் துணி கொடுக்கிறவர்கள், அதில் பாதியை அவன் வீட்டுக்குக் கொண்டுபோவான் என்று நினைத்துக்கொண்டேதான் கொடுக்கிறார்கள். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டிருக்கும் சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா? அறுபதுகளில் திருப்பாதிரிப்புலியூரில் கடை வைத்திருந்தேன். ரவிக்கை, சட்டை என்று மானமாகப் பிழைத்துக்கொண்டிருந்த எனக்கு, சிங்கப்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்து இறங்கிய ஜீன்ஸ் வினையாக வந்து சேர்ந்தது.

ஊசி

வேலை என்னவோ சின்னதுதான். வெள்ளைக்காரன் உயரத்துக்குத் தைத்த பேண்ட், நம்ம ஆள் போட்டால் தெருவைப் பெருக்கும். காலை வெட்டி, மடித்து அடிக்க வேண்டும். அடித்துப் பார்த்தால்தானே தெரியும்! பக்கத் தையல் வரும் இடத்தில் துணி ஏற்கனவே நாலு மடிப்பு. அதை மூன்று அடுக்காக மடித்தால் பன்னிரண்டு. ரவிக்கை தைக்கிற என் கால் மெஷின் என்ன செய்யும்? டக்கென்று ஊசி போச்சு. இன்னொன்று மாட்டினேன், அதுவும் போச்சு. பெடலை விட்டுவிட்டு, சக்கரத்தைக் கையால் உருட்டி ஒவ்வொரு தையலாக இறக்கினேன். வேர்த்துக் கொட்டியது. பேண்ட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர். எதிரே உட்கார்ந்து வெற்றிலை மென்றபடி கேட்கிறார்: "இன்னா பாய், மெஷினுக்கு எண்ணெயே போடுறதில்லையா?"

குழவி

அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். தடித்த மடிப்பைக் கொஞ்சம் ஈரமாக்கி, குழவியால் நாலு போடு போட்டால் தட்டையாகி ஊசிக்கு வழிவிடும். அம்மிக் குழவியைக் கடைக்குத் தூக்கிவந்ததற்கு வீட்டில் வாங்கிய பேச்சு தனி. சிதம்பரத்தில் காலேஜ் படிக்கிற ஒருத்தன் வந்த நேரம், நான் தட்டிக்கொண்டிருந்தேன். பாராட்ட வேண்டாம், சும்மா இருக்கலாமில்லையா? தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்: "பாய், பேண்ட்டைத் தைக்கச் சொன்னா துவையல் அரைக்கிறீங்களே!"

தண்ணீர்

சிதம்பரத்துப் பாத்திரக்கடை முதலாளி ஒருவர் புத்தம்புது ஜீன்ஸோடு வந்தார். சாயங்காலமே ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டுமாம். "அண்ணே, இது சுருங்குற துணி. நனைச்சு, காயவெச்சு எடுத்துட்டு வாங்க. அப்புறம் அளந்து வெட்டுறேன்" என்றேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னேன். புதுத்துணியை நனைக்கச் சொல்கிற பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "சுருங்குறதெல்லாம் நம்ம ஊரு காடாத்துணி. இது ஃபாரின் சரக்கு பாய், பேசாம வெட்டுங்க!"

இடுப்பு

பத்தாம் நாள் அவரே தன் மச்சானோடு வந்து நின்றார். ஒரு தடவை துவைத்ததிலேயே ஜீன்ஸ் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டதாம். "நாலு விரக்கடை துணியைத் திருடிட்டான்!" என்று வாசலில் கூச்சல். உள்ளே பொங்கல் கூட்டம். வெட்டிய துண்டைக்கூடச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்தவன் நான்! பெயர் கெட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

"இங்கேயே போட்டுக் காட்டுங்க" என்றேன். திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். பட்டன் துளையை எட்டவே இல்லை. "எல்லாரும் பாருங்க! கால்லதானே நான் கத்திரி வெச்சேன்? இடுப்பு எப்படிச் சின்னதாச்சு?" என்று கேட்டேன். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். மச்சான் குனிந்து பார்த்தான். "அடப்பாவி! மாமா, இடுப்புலயும் எடுத்திருக்கான்!"

கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. எட்டு வருஷமாக என்னிடம் மட்டுமே ரவிக்கை தைக்கிற டீச்சரம்மா எழுந்து வந்தார். எனக்காகப் பேசப்போகிறார் என்று நம்பினேன். பேசினார்: "பாய், என் துணி இன்னும் வெட்டலதானே? அப்படியே குடுத்துடுங்க."

ஜீன்ஸ் சுருங்குவதற்காவது தண்ணீரில் போட வேண்டும், டெய்லர் பெயர் நனையாமலே சுருங்கிவிடும்.