மூன்றாம் எண் கூண்டு

புயல் வருகிறதென்றால் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள். ஒன்றாம் எண் என்றால் எங்கோ தூரத்தில் கசமுசா. மூன்றாம் எண் என்றால் வலையைச் சுருட்டு, படகை மேலே இழு. காரைக்காலில் பிறந்த பிள்ளை அ, ஆ படிப்பதற்குள் இதைப் படித்துவிடும். இதெல்லாம் தெரிந்துதான் என் சின்ன மாமா தன் ராக் இசைக்குழுவுக்கு ‘மூன்றாம் எண் கூண்டு’ என்று பெயர் வைத்தார். எச்சரிக்கையை மதித்து ஜனங்களும் கச்சேரிப் பக்கம் வராமல் பத்திரமாக வீட்டிலேயே இருந்தார்கள்.

மாமா அம்மாவின் தம்பி. தலத்தெருவில் எங்கள் வீட்டு மாடியறையில்தான் இருந்தார். குழுவில் நான்கு பேர், மூன்று கிதார், ஒரு டிரம்ஸ். சொந்தப் பாட்டுதான், சினிமாப் பாட்டு கிடையாது என்பது கொள்கை. யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தால், “நாங்க ஆர்கெஸ்ட்ரா இல்லீங்க, பேண்டு” என்பார். எங்கள் ஊரில் பேண்டு என்றால் சவ ஊர்வலத்துக்கு முன்னால் வாசித்துக்கொண்டு போகிறவர்கள். வந்தவர்கள் காபியைக்கூட முடிக்காமல் எழுந்துவிடுவார்கள்.

ஆனால் பாண்டிச்சேரியில் ஒருவர் இருந்தார். ஜோல்னாப்பை போட்ட ஒல்லியான விமர்சகர். மாமாவின் கேசட்டைக் கேட்டுவிட்டு, ‘காலத்துக்கு முந்தி வந்துவிட்ட இசை’ என்று ஒரு சிற்றிதழில் இரண்டு பக்கம் எழுதினார். மாமா அதைக் கத்தரித்து பீரோ கண்ணாடியில் ஒட்டி வைத்தார். அப்பா அதைப் படித்துவிட்டுச் சொன்னார்: “முந்தி வந்துட்டா பஸ் ஸ்டாண்டுல உக்காந்துதான் இருக்கணும் மாப்ள.” அந்தக் கேசட் எங்கள் ஊர்க் கடையில் விற்றது ஒன்றே ஒன்று. வாங்கியது அம்மா, மாமாவுக்குத் தெரியாமல்.

எனக்குப் பத்து வயதான அந்த ஐப்பசியில், அப்பா அலையாய் அலைந்து மாமாவுக்கு ஒரு குமாஸ்தா வேலை பிடித்து வந்தார். வேலை ஏனாமில். எங்கள் பாண்டிச்சேரி மாநிலத்தின் ஒரு துண்டு ஆந்திராவுக்குள் கிடக்கிறது, அதுதான் ஏனாம். பள்ளிக்கூட வரைபடத்தில் அதைப் பார்த்து யாரோ மைக்கறை என்று அழிரப்பரால் தேய்த்து ஓட்டையாக்கியிருந்தார்கள். அந்த ஓட்டைக்குள் மாமா போய் விழப்போகிறார் என்பது எனக்குத் தாங்கவில்லை. வீட்டில் என்னிடம் “நீ என்ன நினைக்கிற?” என்று கேட்கிற ஒரே பெரிய மனுஷர் அவர்தான்.

மாமா அம்மாவிடம் ஓர் ஒப்பந்தம் போட்டார். “ஞாயித்துக்கிழமை மண்டபத்தூர் கடக்கரையில கச்சேரி. பாண்டிச்சேரி சாரும் வர்றாரு. அம்பது பேரு வந்தா நான் ஏனாம் போவல. வரலேன்னா முடிய வெட்டிக்கிட்டு திங்கக்கெழம பஸ் ஏறிடறேன்க்கா.”

“நாங்க ஒரு மூணு பேரு. மிச்சத்துக்கு எங்கடா போவ?” என்றாள் அம்மா.

மிச்சத்துக்கு நான் போனேன். ஞாயிறு காலை ஒரு ரிக்‌ஷா, ஒரு கூம்பு ஒலிபெருக்கி, ஒரு மைக், மாமா எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு. மண்டபத்தூருக்குள் நுழைந்ததும் காற்று சீட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒன்றுக்கு வேறு முட்டியது. இன்றைக்கும் மேடையேறினால் எனக்கு முதலில் அதுதான் வருகிறது, பேச்சு அப்புறம்தான். சீட்டில் இருந்த ‘இசைக்குழு’, ‘வழங்கும்’, ‘அனைவரும் வருக’ எல்லாம் மறந்துபோய், ஞாபகம் இருந்ததை மட்டும் கத்தினேன்: “இன்று மாலை ஐந்து மணிக்கு மண்டபத்தூர் கடற்கரையில் மூன்றாம் எண் கூண்டு.”

தெருவில் கதவுகள் திறந்தன. மீன்கூடையோடு போன ஓர் அக்கா ரிக்‌ஷாவை மறித்தார்.

“தம்பி, கூண்டு ஏத்திட்டாங்களா?”

“இன்னும் இல்லீங்க. அஞ்சு மணிக்குத்தான் ஏறுவாங்க.” நான் மேடையைச் சொன்னேன்.

“ரேடியோல ஒண்ணும் சொல்லலியே?” என்றார் பக்கத்தில் ஒருவர்.

“ரேடியோவ நம்புனா படகு போவும். நீ கவுத்த எடு” என்றார் இன்னொருவர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இறங்கி, “இல்லீங்க, பாட்டுக் கச்சேரி” என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கே அதற்குள் ஐம்பது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். நான் ரிக்‌ஷாக்காரரை அடுத்த தெருவுக்கு விடச் சொன்னேன். அங்கேயும் அதையே கத்தினேன். இந்த முறை நாக்கு ஒட்டவில்லை.

மாலையில் ஊரே கடற்கரையில் இருந்தது. படகுகள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. வானமும் தன் பங்குக்குக் கொஞ்சம் கறுத்திருந்தது. மாமா மேடையில் ஏறி, கூட்டத்தைப் பார்த்து, கிதாரின் முதல் கம்பியை இரண்டு முறை தவறாகத் தட்டினார். பிறகு பாடினார். அப்படி அவர் அதற்கு முன்னும் பாடியதில்லை, பின்னும் பாடியதில்லை. ஒருவரும் பேசவில்லை, சினிமாப் பாட்டு கேட்டுச் சீட்டு அனுப்பவில்லை. பாதிப் பேர் மேடைக்கு முதுகைக் காட்டி, கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் மேடைக்குப் பின்னால் ஒரு தென்னைமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டு, ஒரு சின்னப் புயலாவது அனுப்பு என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

புயல் வரவில்லை. கடைசிப் பாட்டு முடிந்ததும் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “கடந்து போயிடுச்சு தம்பி. அது போதும்” என்றார். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. விமர்சகர் அதை அப்படியே குறித்துக்கொண்டார். அடுத்த இதழில், ‘கடலைப் பார்த்தபடி இசை கேட்கும் ஜனங்களை வேறெங்கும் கண்டதில்லை, அவர்களுக்கு இசை என்பது கடந்து போவது’ என்று எழுதினார்.

அன்று இரண்டு கொண்டாட்டம். மாமா ஏனாம் வேலைக் கடிதத்தைக் கிழித்துக் கடலில் விட்டார். நான் அவரைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து, இரண்டு ஐஸ் தின்றேன். கடலுக்குப் போகாத மண்டபத்தூரின் அடுப்புகளில் அன்றைக்கு என்ன வெந்தது என்று நான் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் மாமா அந்தக் கூட்டத்தைத் தேடினார். ஒவ்வொரு கச்சேரியிலும் எட்டுப் பேர், பன்னிரண்டு பேர். ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல விமர்சனம். டிரம்ஸ்காரர் துபாய் போனார். கிதார்க்காரர்களில் ஒருவர் மாமனாரின் உரக்கடைக்குப் போனார், இன்னொருவர் சொல்லாமல் போனார். வந்த இரண்டு மூன்று வேலைகளையும் மாமா, “மண்டபத்தூர்ல வந்த கூட்டத்த நீங்க பாக்கலியாக்கா?” என்று கேட்டே தட்டிவிட்டார். அம்மா பார்த்திருந்தாள். கல்யாணமும் அப்படியே தட்டிப்போயிற்று.

இப்போது அவர் கீழவாஞ்சூர் துறைமுக வாசலில் நிலக்கரி லாரிகளின் எண்களைக் குறிக்கிறார். அன்றைக்கு நான் மைக்கில் கத்தியதைப் போன மாதம் எப்படியாவது சொல்லிவிடுவது என்று போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். போனதும் நாக்கு ஒட்டிக்கொண்டது, மற்றதும் வந்தது. ஓரமாய் ஒதுங்கிவிட்டு வந்து பார்த்தால், மாமா கரி படிந்த நோட்டை மூடி வைத்துவிட்டு எனக்கு டீ வாங்கி வைத்திருக்கிறார்.

“அன்னிக்கி மட்டும் அந்தக் கூட்டம் வரலேன்னா நான் ஏனாம் போயிருப்பேன்டா” என்றார். “நல்லவேளை.”

“ஆமா மாமா” என்றேன்.

கடல் அடங்கியதும் கூண்டை இறக்கிவிடுவார்கள், அதையும் ரேடியோவில் சொல்வார்கள். ஏற்றியவன்தான் இறக்கவும் வேண்டும் என்பது பத்து வயதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.